விளம்பரக் கிளப்பில் புதிதாகச் சேருகிறீர்களா? முதல் வருடத்துக்கு ஒரு வழித்துணை

ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் சீனியர் யாராவது ஒருவர், "கிளப்ல மெம்பர் ஆயிட்டியா?" என்று கேட்பார். சென்னையில் அந்தக் கேள்வி அட்வர்டைசிங் கிளப் மெட்ராஸைப் பற்றியது. ஊர்ப் பெயர் மாறிய பிறகும் கிளப் பெயரில் மெட்ராஸ் அப்படியே இருக்கிறது. அது கொடுக்கும் விருதுக்கும் 'மேடிஸ்' என்றுதான் பெயர். கிளப் நடத்தும் விளம்பரப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள் இந்த ஊர் ஏஜென்சிகளில் நிறைய உண்டு.

புதியவர்களில் சிலர் கிளப்பை வேலை வாங்கித் தரும் இடம் என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்ளும் இடம் என்று ஒதுங்குகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, அங்கே ஒரு சின்ன வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் கிளப்பால் உருப்படியான பலன் கிடைத்திருக்கிறது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியதுதான். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் கோவைக்கும் மதுரைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்த அமைப்பு எதற்கு?

சந்தா கட்டுவதற்கு முன்னால் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் அமைப்புகள் ஏகப்பட்டவை. ஏ.ஏ.ஏ.ஐ. என்பது ஏஜென்சி நிறுவனங்களின் சங்கம், 1945-இல் தொடங்கியது. ஐ.என்.எஸ். பத்திரிகை முதலாளிகளின் அமைப்பு. ஏஜென்சிக்கு அது அங்கீகாரம் கொடுத்தால்தான் பத்திரிகைகளிடம் கடனுக்கு விளம்பர இடம் வாங்கலாம், வழக்கமான 15 சதவீதக் கமிஷனும் கிடைக்கும். ஆஸ்கி எனப்படும் விளம்பரத் தர நிர்ணயக் குழு 1985-இல் வந்தது. விளம்பரத்தில் பொய் இருந்தால் புகார் போகும் இடம் அது. மும்பையில் இருக்கும் அட்வர்டைசிங் கிளப் வேறு, நம் ஊர்க் கிளப் வேறு. ஆபி, எஃபி விருதுகள் என்று காதில் விழுவதெல்லாம் மும்பை வட்டாரத்துச் சமாச்சாரம்.

கிளப் இவற்றில் எதுவும் இல்லை. அது தொழிலில் இருக்கும் மனிதர்கள் கூடும் இடம். ஏஜென்சிக்காரர், பத்திரிகையில் இடம் விற்பவர், எஃப்.எம். ரேடியோக்காரர், கம்பெனியின் பிராண்ட் மேனேஜர், ஹோர்டிங் வைத்திருப்பவர், ஜிங்கிள் போடும் இசைக்காரர் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். அதனால் உங்கள் சம்பளப் பிரச்சினைக்குக் கிளப் பஞ்சாயத்து செய்யாது, கிளையன்ட் பில்லை வசூலித்துத் தராது. அந்த எதிர்பார்ப்போடு போய்விட்டு ஏமாந்தேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேரும் முன் ஒரு கூட்டத்துக்குப் போங்கள்

பெரும்பாலும் ஏதாவது ஒரு பேச்சுக்கோ கலந்துரையாடலுக்கோ உறுப்பினர் அல்லாதவர்களையும் அனுமதிப்பார்கள். பேச்சைவிட அறையை நன்றாகக் கவனியுங்கள். கேள்வி கேட்பவர்கள் யார்? ஒவ்வொரு முறையும் அதே நாலு பேர்தானா? முப்பது வயதுக்குக் கீழே ஆட்கள் தெரிகிறார்களா? கம்பெனித் தரப்பு ஆட்கள் வந்திருக்கிறார்களா, இல்லை ஏஜென்சிக்காரர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். கிளையன்ட்டுகள் வருகிற கிளப்பில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

விண்ணப்பம் வாங்கும்போது இன்னும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாவா, ஆயுள் சந்தாவா? உங்கள் வகை உறுப்பினருக்கு ஓட்டு உண்டா? கம்பெனி பெயரில் சேர்ந்தால், வேலை மாறும்போது உறுப்பினர் தகுதி உங்களோடு வருமா, கம்பெனியிடமே தங்கிவிடுமா? இந்தத் தொழிலில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறுவது சகஜம் என்பதால், முடிந்தால் உங்கள் சொந்தப் பெயரிலேயே சேர்ந்துவிடுங்கள். சங்கமாகப் பதிவான அமைப்பு என்றால் ஆண்டுப் பொதுக்குழுவும் தணிக்கை செய்த கணக்கும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 1975-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. கணக்கைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் மாலை

"கிரியேட்டிவ்ல இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். அந்த அறையில் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். "ஒரு ஜவுளிக்கடை அக்கவுண்டுக்குக் காப்பி (விளம்பர வாசகம்) எழுதுறேன், போன ஆடிக்கு வந்த ரேடியோ ஸ்பாட் நாங்க பண்ணினது" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பேசப் பிடி கிடைக்கும். சீனியர்களை சார், மேடம் என்றே ஆரம்பியுங்கள். பெயர் சொல்லியே கூப்பிடு என்று அவர்களாகவே சொல்வார்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் உங்கள் கிளையன்ட்டின் போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்பவராக இருக்கலாம். வெளிவந்த வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வரப்போகும் பொருள், அறிமுகத் தேதி, பிட்ச்சில் (ஒரு கிளையன்ட்டின் வேலையைப் பிடிக்க ஏஜென்சிகள் போட்டி போட்டுத் திட்டம் வைப்பதில்) சொன்ன தொகை, மீடியா பட்ஜெட் ஆகியவை வாயிலிருந்து வரவே கூடாது. "எந்த அக்கவுண்ட் பிட்ச்சுக்கு வருதாம்?" என்று யாராவது நைசாக விசாரித்தால், "எனக்குத் தெரியல சார்" என்று சொல்லிவிட்டு போண்டா பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

ரிட்டயர் ஆனவர்களிடம் போய் உட்காருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் செய்யாத காரியம் இது. அச்சுக்கு உலோக பிளாக் செய்து, பார்சல் கட்டி வெளியூர்ப் பத்திரிகைக்கு ரயிலில் அனுப்பிய காலத்தில் வேலை பார்த்தவர்களை இப்போதும் சந்திக்கலாம். 'தி இந்து' 1958 வரைக்கும் முதல் பக்கத்தில் செய்தியே போடாமல் விளம்பரமாகவே அச்சிட்டது, தமிழ்நாடே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது, தூர்தர்ஷனில் 1976-இல் முதன்முதலாக விளம்பரம் வந்தது, ஆர்.கே. சுவாமி 1973-இல் இதே ஊரில் சொந்தமாக ஏஜென்சி தொடங்கினார் என்று கதை ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும். கடலூரிலிருந்து கிளம்பிய சாஷே ஷாம்பு நாடு முழுக்கச் சந்தையை எப்படிப் புரட்டிப்போட்டது என்று கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் 'கிராமப்புறச் சந்தை' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். இவர்கள் கடை வாசலில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். எந்த விலைக்கு எந்த ஊரில் ஓடியது என்று சொல்வார்கள்.

ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்

இரண்டாவது மூன்றாவது கூட்டத்தில் செயலாளரிடம் போய், "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள். எல்லாக் கிளப்பிலும் ஆட்பஞ்சம்தான். வரவேற்பு மேஜையில் பெயர்ப் பட்டை கொடுக்கலாம். ஒரே மாலையில் முன்னூறு பேர் முகமும் பெயரும் பதவியும் பழகிவிடும். விருது நுழைவுகளைப் பிரித்து அடுக்கலாம். ஊரில் அந்த வருடம் வந்த வேலை முழுவதும் உங்கள் கண் முன்னால் போகும்.

எழுத வருபவர் என்றால் கிளப்பின் மாதச் செய்தி மடலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை யாரும் சண்டை போட்டு வாங்க வர மாட்டார்கள். ஆனால் அதை எழுதுபவருக்குத்தான் யாருக்கு வேண்டுமானாலும் போன் போட்டுக் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கிறது. பெரிய ஏஜென்சித் தலைவர் ஒருவரிடம் "உங்களோடு பேச வேண்டும்" என்றால் நேரம் கிடைக்காது. "போன வாரம் பேசினீங்களே சார், அதில் ஒரு சந்தேகம், மடலில் போடணும்" என்றால் கிடைக்கும்.

மடலை எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை: "கூட்டம் இனிதே தொடங்கியது. சிறப்பு விருந்தினர் அரிய பல கருத்துகளைப் பகிர்ந்துகொண்டார். செயலாளர் நன்றி கூற, தேநீருடன் கூட்டம் நிறைவுற்றது." விளம்பரம் எழுதிப் பிழைப்பவர்கள் கூடும் இடத்திலிருந்தே இப்படி ஒரு அறிக்கை வருவது வேடிக்கைதான். கிளையன்ட்டுக்கு இப்படி ஒரு காப்பியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

வராதவருக்கு என்ன கிடைக்காமல் போனது என்று யோசித்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஜவுளிக்கடைகளைப் பற்றி ஒரு பேச்சு நடந்ததாக வைத்துக்கொள்வோம். அறிக்கை இப்படித் தொடங்கலாம்: "வெள்ளிக்கிழமை முழுப்பக்க விளம்பரம் வந்தால் கடையில் கூட்டம் எப்போது ஏறுகிறது என்பதைப் பேச்சாளர் பில் கவுண்டர் கணக்கை வைத்துக் காட்டினார். சனிக்கிழமை காலையைவிட ஞாயிறு மாலைதான் அதிகம். 'வீட்டில் எல்லாரும் சேர்ந்து கிளம்பணுமே' என்றார். அப்படியானால் சனிக்கிழமை ரேடியோவில் நினைவூட்டுவதுதானே லாபம் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அதற்குச் சரியான பதில் வரவில்லை." பதில் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

மடல் எழுதுபவருக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். மேடையில் சொன்னதற்கும் டீ குடிக்கும்போது சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்காமல் போடாதீர்கள். கிளையன்ட் பெயரோடு எண் ஏதாவது வந்தால், அந்த வரியை மட்டும் பேசியவருக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழு அறிக்கையையும் அனுப்பினால் திருத்தித் திருத்தி 'இனிதே தொடங்கியது' ஆக்கிவிடுவார்கள். யார் எந்த ஏஜென்சிக்கு மாறினார் என்ற செய்திக்கு எப்போதும் வாசகர் உண்டு. இரண்டு பக்கமும் அறிவிக்கும் வரை பொறுத்திருங்கள். முன்கூட்டியே வந்து ஒருவருக்கு வேலையே கைநழுவிவிடலாம். பிட்ச் வதந்தி வேண்டவே வேண்டாம். அஞ்சலிக் குறிப்பு என்றால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் செய்த வேலையில் இரண்டைப் பெயரோடு குறிப்பிடுங்கள். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எல்லோருக்கும் எழுதினால் யாருக்குமே எழுதாத மாதிரிதான். படத்தில் இடமிருந்து வலம் பெயர் சரியா என்று இரண்டு முறை பாருங்கள். போன் வருவதெல்லாம் இந்த ஒரு தவறுக்குத்தான்.

விருதுக்கு நுழைவு அனுப்பும்போது

முதல் வருடம் விருது வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. நுழைவு தயார் செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் போதும். விதிகளை வரிவரியாகப் படியுங்கள். எந்தத் தேதிக்குள் வெளியான வேலை, எந்தப் பிரிவு, எத்தனை கோப்பு, கிளையன்ட் கடிதம் வேண்டுமா, வெளியானதற்கு என்ன ஆதாரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்திரிகை என்றால் வெளியான பக்கம், டிவி என்றால் ஒளிபரப்புச் சான்று. இவற்றை வெளியான அன்றே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பத்து மாதம் கழித்துத் தேடினால் மீடியா ஆள் வேலை மாறியிருப்பார்.

விருதுக்காகவே செய்து, கிளையன்ட்டுக்குத் தெரியாமலோ ஒரே ஒரு தடவை எங்கேயோ ஓரமாகப் போட்டோ கணக்குக் காட்டுவதை இந்தத் தொழிலில் ஸ்கேம் ஆட் என்பார்கள். செய்யாதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்று உங்கள் பாஸ் சொன்னாலும், வேலை செய்தவர்கள் பெயர் போடும் கிரெடிட் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். 2025 கான் விளம்பர விழாவில் பிரேசில் ஏஜென்சி ஒன்று உச்ச விருது வாங்கியது. நுழைவுக்காகச் செய்த வீடியோவில் ஏ.ஐ. வைத்து ஒட்டு வேலை செய்திருப்பது தெரிந்ததும் விருது திரும்பிப்போனது. அந்த வீடியோவுக்கு எடிட்டிங் செய்தவர்களில் புதியவர்களும் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கிரெடிட் பற்றி இன்னொரு விஷயம். பட்டியல் போகும் முன் ஒருமுறை பாருங்கள். லேஅவுட் போட்ட ஸ்டூடியோ ஆள், தமிழ் மொழிபெயர்ப்பாளர், குரல் கொடுத்தவர் ஆகியோர் விடுபடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் விழாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மேடை இறங்கிய பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சட்டம் பற்றிய கூட்டத்தைத் தவற விடாதீர்கள்

இருபது பேர்கூட வராத கூட்டம் இது. புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள கூட்டம் கிடையாது. ஒரு தள்ளுபடி விளம்பரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். '50%' அரைப் பக்கத்துக்கு நிற்கும். அதன் காலடியில் 'வரை' என்பது கடுகு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் கீழே நட்சத்திரக் குறி. தமிழ் விளம்பரத்தில் அந்த நட்சத்திரத்தின் விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைப்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

சித்த, ஆயுர்வேத மருந்துக் கிளையன்ட்டுகள் நம் ஊரில் அதிகம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று எழுதச் சொல்வார்கள். 1954-ஆம் வருடத்து மாய மருந்துச் சட்டம் அதைத் தடை செய்கிறது. கிளையன்ட்டிடம் மறுத்துப் பேசப் புதியவருக்குத் தைரியம் வராது. சட்டத்தின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் அவரே யோசிப்பார்.

பேனர், ஹோர்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் கனமான விஷயம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் விழுந்து, லாரி ஏறி இறந்தார். இடம் எடுத்துத் தரும் ஆள் "பர்மிஷன் எல்லாம் இருக்கு" என்று சொன்னால், உரிமத்தின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்.ஓ. (விளம்பரத்தை வைக்கச் சொல்லும் எழுத்து ஆர்டர்) கொடுக்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கு

காப்பி எழுதுபவர், டிசைனர், எடிட்டர் என்று தனியாக வேலை பார்ப்பவர்களுக்குக் கிளப்பில் கிடைக்கும் பெரிய லாபம், எந்தக் கம்பெனி எத்தனை மாதம் கழித்துப் பணம் தரும் என்ற தகவல். அதை எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பேச்சுவாக்கில் வரும். கூடவே குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், ஆன்லைனில் இலவசம். 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். கேட்பீர்களா என்பது வேறு விஷயம். ஆனால் பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்பினால், அக்கவுண்ட்ஸ் பிரிவில் அந்தக் காகிதம் கொஞ்சம் மேலே வரும். பணம் தரத் தாமதமானால் வருமான வரிக் கணக்கிலும் அவர்களுக்கு இப்போது இடிக்கிறது.

உங்கள் ஊரில் கிளப் இல்லையென்றால்

ஐந்தாறு பேர் போதும். லோக்கல் எஃப்.எம்.மில் ஒருவர், பத்திரிகை விளம்பரப் பிரிவில் ஒருவர், ஃப்ளெக்ஸ் பிரிண்டர் ஒருவர், இரண்டு சின்ன ஏஜென்சி, முடிந்தால் ஒரு ஜவுளிக்கடை மேனேஜர். மாதம் ஒரு மாலை, ஒரே ஹோட்டல், அவரவர் காபிக்கு அவரவர் காசு. முதல் வருடம் தலைவர் பதவியே வைக்காதீர்கள். வைத்தால் தேர்தல் வரும், தேர்தல் வந்தால் இரண்டு கிளப் ஆகிவிடும்! ஆளுக்கு ஒரு விளம்பரம் கொண்டுவந்து மேஜையில் போட்டு, அது ஏன் ஓடியது, ஏன் ஓடவில்லை என்று பேசினால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது.

எப்போது சேரலாம் என்று கேட்டால், ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வேண்டாம். அப்போது யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பொங்கல் மலர் விளம்பரங்கள் முடிந்து, மார்ச் கணக்கு முடிப்பு ஆரம்பிப்பதற்கு முன் பிப்ரவரியில் ஒரு இடைவெளி கிடைக்கும். செயலாளருக்கு அப்போது போன் செய்யுங்கள், நின்று பேசுவார்.